பதினொரு மணி ஆர்மோனியம்

அறுபதுகளின் தொடக்கத்தில் கோவில்பட்டித் தபாலாபீசின் பின்கட்டில் இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை கிடைத்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், ஒரு வயலின், இவ்வளவுதான் திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்தேன். பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி தான் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் என்னையும் சேர்த்துக்கொண்டாள். வயலினைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரில வாசிப்பியா?" இல்லை என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு நோட்டுப் புத்தகங்களைத் திருத்தப் போய்விட்டாள்.

வேலையில்லாத மாலைகளில் வாசித்தேன். திருநெல்வேலியில் நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து கற்றுக்கொண்டவர்கள். நாலு பேரும் ஒன்றாக வில் போடும்போது, என் வயலினில் இல்லாத ஒரு சத்தம் என் வயலினிலிருந்தே வருகிற மாதிரி இருக்கும். இங்கே தனியாக வாசித்தபோது அது வரவே இல்லை. பிழையாக வாசித்தாலும் யாரும் கேட்பதில்லை, நன்றாக வாசித்தாலும் அப்படித்தான். இந்த ஊரில் வேறு யார் யார் என்னென்ன வாசிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு அப்போதுதான் பிடித்தது.

ஆணாக இருந்தால் டீக்கடையில் நின்று கேட்டிருக்கலாம். கல்யாணக் கோஷ்டி, நாடகக் கோஷ்டி, கோயில் மேளம் என்று ஊரில் வாசிக்கிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அத்தனை பேரும் ஆண்கள். அவர்கள் கூடுகிற இடமும் நேரமும் எனக்குத் தோதுப்படாதவை. ஊருக்குப் புதிதாக வந்த, கல்யாணமாகாத ஒரு பெண் "யார் கூடவாவது சேர்ந்து வாசிக்க வேண்டும்" என்று சொன்னால் அதில் பாதியை மட்டும் கேட்டுக்கொள்கிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு.

எங்கள் ஆபீசில் லைன்மேன் ஒருவர் இருந்தார். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். கம்பத்தில் ஏறி இறங்கி முழங்கைகள் காய்த்துப் போனவர். டெலிபோன் உள்ள ஒவ்வொரு வீட்டுக்குள்ளும், ஒவ்வொரு கடைக்குள்ளும் போய் வந்தவர். அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

"பிடிலா?" என்றார். "எனக்கு அதெல்லாம் தெரியாது தங்கச்சி. ஆனா எந்த வீட்ல எப்படிப்பட்ட ஆளுக இருக்காங்கன்னு தெரியும். யாராச்சும் கூப்பிட்டா, போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

யாரோ கூப்பிடத்தான் செய்தார்கள். நான் வயலின் வாசிப்பது தபாலாபீசில் பரவி, தந்தி கொடுக்க வந்த ஒருவர் காதுக்குப் போயிருக்கிறது. நாடகக் கோஷ்டியில் தபலா வாசிக்கிறவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். நல்ல இஸ்திரி போட்ட சட்டை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பஞ்சு அரவை ஆலைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு குடோனில் நாலைந்து பேர் கூடுகிறோம், வந்தால் சந்தோஷம் என்றார்.

"பொம்பளைங்க யாராச்சும் வருவாங்களா?" என்று கேட்டேன்.

"என் தங்கச்சி வரும். பாடும்."

அதைக் கேட்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. லைன்மேனிடம் சொன்னேன். "அந்த ஆளுக்குத் தங்கச்சி இருக்கதா நான் கேள்விப்பட்டதில்ல. போறதுன்னா தனியாப் போகாதீங்க" என்றார். டீச்சரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன்.

குடோன் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பஞ்சுப் பொதிகள், ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். அவர் மட்டும் இருந்தார். என்னோடு டீச்சரைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த மாற்றத்தைவிட, எனக்கு முதலில் தெரிந்தது வேறொன்று. அங்கே தபலா இல்லை.

"தபலா எங்க?" என்றேன்.

"இப்பக் கொண்டாந்துருவாங்க. உக்காருங்க."

"ஒங்க தங்கச்சி?"

"அதுவும் வரும்."

டீச்சர் என் கையைப் பிடித்துத் திருப்பினாள். வெயிலில் ரயில்வே கேட்டு வரை நடந்தோம். லைன்மேன் அங்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தார்.  எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வீட்டுக்குப் போங்க" என்று மட்டும் சொன்னார். தபலாக்காரர் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை தபாலாபீசுக்கு வந்தார். லைன்மேன் கவுண்டர் பக்கத்தில் வந்து நின்றதும் தபால்தலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் உண்மையிலேயே தபலா வாசிக்கத் தெரிந்தவர்தானா என்பது எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. பயம் இரண்டு நாளில் போய்விட்டது. இந்தக் கேள்வி மட்டும் போகவில்லை.

அன்றிலிருந்து எனக்கு நானே சிலதை முடிவு செய்துகொண்டேன். பகலில்தான் போவது. வீட்டில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், அவளை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும். எங்கே போகிறேன் என்பது வெளியே இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் இந்த ஊரில் யாருமே கிடைக்க மாட்டார்கள் என்று டீச்சர் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எக்ஸ்சேஞ்சு வேலை இப்படி இருக்கும். யாராவது தங்கள் டெலிபோனின் கைப்பிடியைச் சுற்றினால், எனக்கு முன்னால் உள்ள பலகையில் அந்த எண்ணின் சின்ன மூடி கீழே விழும். நான் வடத்தைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்பேன். கேட்ட எண்ணோடு இணைத்துவிட்டுக் காதைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வெளியூர் டிரங்க் காலாக இருந்தால், மூன்று நிமிஷம் ஆனதும் உள்ளே புகுந்து நேரத்தைச் சொல்ல வேண்டும். பேச்சை ஒட்டுக் கேட்பதில்லை, காதில் விழுந்ததை வெளியே சொல்வதில்லை என்று வேலையில் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அந்த வருஷம் மாசி மாதத்தில், காலை பதினொரு மணி வாக்கில் ஓர் எண்ணிலிருந்து வந்த அழைப்பை எடுத்தேன். அந்த எண்ணை இப்போதும் சொல்ல மாட்டேன். பேசியவர் விருதுநகர் கேட்டார். அவர் குரலுக்குப் பின்னால், வெகு தூரத்தில், ஆர்மோனியம் கேட்டது.

ரேடியோவாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் கேட்டது. அதே நேரம், அதே எண். நாலாம் நாள் ஒரு விரல் தவறியது. தவறிய இடத்துக்குத் திரும்பப் போய் மறுபடி வாசித்தது. ரேடியோ அப்படித் திரும்பப் போகாது. யாரோ உட்கார்ந்து பழகுகிறார்கள். இன்னொரு விசித்திரமும் இருந்தது. ஒரு பாட்டில் ஒரு குறிப்பிட்ட அடியை ஒவ்வொரு தடவையும் மூன்று முறை வாசித்தார்கள். அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். அந்த இடத்தில் மூன்று முறை இல்லை. ஏன் மூன்று என்று இரண்டு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டேன்.

லைன்மேனிடம் எண்ணைச் சொல்லலாமா என்று தயங்கித்தான் சொன்னேன். பேச்சு எதையும் சொல்லவில்லை, எண்ணை மட்டும்.

"அது மிளகா வத்தல் கமிஷன் கடைல்லா? பாய் கடை. பின்னாடியே வீடு. டெலிபோன் நடுச்சுவர்ல இருக்கு. பாயும் அவர் வீட்டம்மாவும்தான். பிள்ளைக படிப்புக்காகப் பாளையங்கோட்டைல இருக்கு. நல்ல மனுசங்க. ஆனா ஆர்மோனியப் பெட்டி எதையும் நான் பாத்ததில்லையே!"

எக்ஸ்சேஞ்சு அம்மா பார்க்க வேண்டுமென்கிறார் என்று அவரே பாயிடம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை பகலில் வர அனுமதி வாங்கிவந்தார். டீச்சரும் நானும் போனோம். வயலினைக் கொண்டுபோகவில்லை.

கடை முழுக்க வத்தல் மூட்டைகள். வாசலைத் தாண்டியதுமே டீச்சருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. பாய் எங்களுக்கு பெஞ்சைக் காட்டினார். ஐம்பது வயதிருக்கும், நிதானமாகப் பேசுகிறவர்.

"லைன்ல ஏதும் கோளாறாம்மா?"

"கோளாறு ஒண்ணும் இல்ல பாய். ஒங்க வீட்ல யாரோ ஆர்மோனியம் வாசிக்கிதாங்க. நான் வயலின் வாசிப்பேன். அவுங்களோட சேந்து வாசிக்க முடியுமான்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

 பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்து எங்களுக்கு எதிரே நின்றார்.

"பக்கத்து வீட்டுக்காரனுக்கே அது தெரியாது. தெருவுல வண்டிச் சத்தமும் மூட்டை இறக்குத சத்தமும் இருக்க நேரமாப் பாத்துத்தான் அவ பெட்டியையே எடுப்பா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்போதுதான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. பொய் சொல்லத் தோன்றவில்லை. லைனில் கேட்டேன் என்றேன்.

"அப்ப நான் பேசுததெல்லாம் கேப்பீங்க."

"கேக்க மாட்டேன் பாய். இணைக்கிற நேரத்துல காதுல விழும். நேரம் சொல்ல உள்ள வரும்போது விழும். அவ்வளவுதான்."

"சரி. நேத்து விருதுநகர்க்காரன் எனக்கு என்ன விலை சொன்னான்? சொல்லுங்க பாப்பம்."

எனக்கு அது தெரியும். மூன்று நிமிஷம் ஆயிற்று என்று சொல்ல நான் உள்ளே புகுந்த அதே நொடியில்தான் அந்த விலை சொல்லப்பட்டது. இப்போதுகூட நினைவிருக்கிறது.

"தெரிஞ்சிருந்தாலும் சொல்ல மாட்டேன் பாய்."

"எனக்கு வந்த விலையை எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"ஒங்ககிட்டச் சொன்னேன்னா, நாளைக்கு இன்னொருத்தருகிட்டச் சொல்ல மாட்டேன்னு நீங்க எப்படி நம்புவீங்க?"

 போஸ்ட்மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை போய்விடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டீச்சர் தும்மி முடித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"பாய், இவகூட ஒரே வீட்ல ஆறு மாசமா இருக்கேன். ஊர்ல யாரு யாருகிட்ட என்ன பேசுதாங்கன்னு நானும் கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன். ஒரு வார்த்தை வாங்க முடியல. எனக்கு அந்த வருத்தம் ரொம்ப இருக்கு."

பாய் சிரித்துவிட்டார். பிறகு உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். அப்பா என்ன செய்கிறார், எந்தத் தெரு, இங்கே யார் பொறுப்பு, எந்த நேரம் வருவேன், எந்த நேரம் போவேன், கூட யார் வருவார்கள், வந்ததை வெளியே சொல்வேனா. நான் எனக்காக முடிவு செய்து வைத்திருந்த அத்தனையையும் அவர் தன் மனைவிக்காக என்னிடம் கேட்டார். அதுவரை ஆபத்து எனக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டுக்குள் நுழையப் பார்க்கிற அந்நியப் பெண் நான் என்பது அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் புரிந்தது.

உள்ளே பார்த்து, "இங்க வா. ஒன்னையப் பாக்கத்தான் வந்திருக்காங்க" என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள் வெளியே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது கை விரல்களைப் பிடித்துப் பார்த்தார். தந்தி பட்டுக் காய்த்திருந்த இடத்தைத் தடவி, "வாசிக்கிற கைதான்" என்று கணவரிடம் சொன்னார்.

அந்த ஆர்மோனியம் அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே வந்தது. கொழும்பில் வியாபாரம் செய்த அண்ணன் கிராமபோனும் தட்டுகளும் பெட்டியுமாக வாங்கிக் கொடுத்தாராம். சொல்லித்தர யாரும் இல்லை. தட்டைச் சுற்றவிட்டு, கேட்டுக் கேட்டு விரலைப் பழக்கியிருக்கிறார். மூன்று முறை வரும் அடியைப் பற்றி நான் கேட்டபோது அவருக்கு ஆச்சரியம்.

"தட்டுல அப்படித்தான வருது?"

தட்டைப் போட்டுக் காட்டினார். அந்த இடத்தில் ஒரு கீறல். முள் தாவித் தாவித் திரும்ப வந்து, மூன்றாவது தடவைதான் மேலே போயிற்று. பதினைந்து வருஷமாக அதைப் பாட்டு என்றே நினைத்திருக்கிறார். நான் விளக்கியதும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம், "எனக்கு மூணு தடவைதான் நல்லா இருக்கு" என்றார். வாசித்துப் பார்த்தோம். எனக்கும் நல்லாத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வயலினோடு போனேன். பின்கட்டு அறையில் உட்கார்ந்தோம். நான் தந்திகளை இறக்கி அவருடைய பெட்டியின் சுருதிக்கு வைத்துக்கொண்டேன். முதல் நாள் ஒன்றும் சரிவரவில்லை. அவருக்கு இன்னொருவருக்காகக் காத்திருந்து பழக்கமில்லை. நான் நீட்டும்போது அவர் அடுத்த அடிக்குப் போய்விடுவார். தட்டு யாருக்காகவும் நிற்காதல்லவா, அவரும் நிற்கவில்லை. அதோடு வத்தல் தூசி. என் வில்லில் படிந்து, இழுக்கும்போதெல்லாம் கண்ணில் நீர் வந்தது. ஒரு பாட்டுக்கு இரண்டு தும்மல் என்று வைத்துக்கொண்டோம். டீச்சர் நடையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தினாள்.

மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். நாலு மணிக்குப் பால் ஊற்ற வருகிற அக்கா முற்றத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்குக் கிழக்கே மாடும் ஆடும் வைத்திருக்கிற குடும்பம். பாலை ஊற்றிவிட்டுப் போகாமல், காலிச் செம்பைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு விரலால் தட்ட ஆரம்பித்தாள். வெறும் தாளம்தான், ஆனால் ஆணி அடித்த மாதிரி நின்றது. நாங்கள் இரண்டு பேரும் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தோம்.

"என்ன பாக்குதீங்க? ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடுதீங்க. வண்டில பூட்டுன மாடு இப்படி ஓடுனா சாமான் வீடு போய்ச் சேருமா? நான் தட்டுதேன், நீங்க வாங்க."

போனோம். திருநெல்வேலியில் விட்டுவிட்டு வந்த அந்தச் சத்தம் அன்றைக்கு என் வயலினிலிருந்து வந்தது. என் கையா, அவர் பெட்டியா, செம்பா, எது அதைச் செய்கிறது என்று பார்க்க ஒவ்வொருவராக நிறுத்தி நிறுத்தி வாசித்தோம். யார் நிறுத்தினாலும் அது போயிற்று. இப்படியே பொழுது சாய்ந்து, மற்ற வீடுகளுக்குப் பால் தாமதமாகி, அந்த அக்கா எழுந்து ஓடினாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் நடந்தது. புது வத்தல் வந்து குவிகிற மாதங்களில் மட்டும் மூச்சுவிட முடியாமல் நிறுத்தினோம். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நாள் வேலையில் இருந்தபோது, பதினொரு மணிக்கு அந்த எண்ணை இணைத்தேன். நாங்கள் கஷ்டப்பட்ட ஒரு இடத்தை அவர் பின்னால் சுத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். காதைத் திருப்பிக்கொள்ளாமல் அரை நிமிஷம் கேட்டேன். முன்னால் பாய் என்ன பேசினார் என்று சத்தியமாகத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை போனதும் முதல் வேலையாகப் பாயிடம் அதைச் சொன்னேன். "அவ வாசிச்சா நானே பேச்ச விட்டுருதேன், நீங்க என்ன செய்வீங்க" என்றார்.

மறுவருஷம் ஐப்பசியில் பால்கார அக்காவின் மகள் வயசுக்கு வந்ததற்குச் சடங்கு வைத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் வந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டாள். பெட்டி வீட்டைவிட்டு வெளியே போனதே இல்லை. பாய் பழையபடி கேள்விகளைக் கேட்டார். யார் யார் இருப்பார்கள், எந்த வழி, எப்போது திரும்புவது. பொம்பளைங்க மட்டும்தான், ஆம்பிளைங்க எல்லாரும் வெளியே தொழுவத்துப் பக்கம் இருப்பாங்க என்று அக்கா சொன்னாள். பாய் கூண்டு வண்டியைக் கட்டச் சொன்னார்.

முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் களியாகிக் கிடந்தது. ஊரைத் தாண்டியதும் சக்கரம் இறங்கிவிட்டது. கீழே இறங்கி, பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். எடுத்து வைத்த காலைத் திரும்ப எடுக்க முடியவில்லை. செருப்பில் மண் அப்பி, நாங்கள் இரண்டு பேரும் அரையடி உயரம் கூடிப் போனோம். அந்த வீட்டுப் பெண்கள் ஓடிவந்து பெட்டியைத் தலையில் வாங்கிக்கொண்டு, எங்கள் காலைக் கழுவிவிட்டார்கள்.

வீட்டுக்குள் முப்பது பெண்களாவது இருப்பார்கள். பாய் வீட்டம்மாள் பெட்டியைத் திறந்தார், துருத்தியை விரித்தார், கையை வைத்தார். கை நகரவில்லை. அத்தனை கண்களுக்கு முன்னால் அவர் வாசித்ததே கிடையாது.  "என்னால முடியல" என்று என் காதில் சொன்னார். எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பால்கார அக்கா எழுந்து வந்து, பெட்டியை அப்படியே தூக்கிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.

"ஒங்க வீட்ல இருக்க மாதிரி சுவரப் பாத்து வாசிங்க. நாங்க கேட்டுக்கிடுதோம்."

முழுக்க முழுக்கச் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே அவர் வாசித்தார். நான் பக்கவாட்டில் உட்கார்ந்து வாசித்தேன். நாலாவது பாட்டில் பெண்கள் எழுந்து கும்மி தட்ட ஆரம்பித்ததும், தரை அதிர்ந்தது. அப்போது அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வாசிப்பு நிற்கவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினோம். வண்டியை அதற்குள் சேற்றிலிருந்து தூக்கிவிட்டிருந்தார்கள். ஊர் தெரிய ஆரம்பித்ததும் பாய் வீட்டம்மாள் கேட்டார்:

"நான் கதவப் பூட்டிக்கிட்டு வாசிச்சேன். நீங்க கண்டுபிடிச்சீங்க. இந்த ஊர்ல இன்னும் எத்தனை வீட்ல இப்படிக் கதவப் பூட்டிக்கிட்டு வாசிக்கிதாங்களோ?"

அதைத் தெரிந்துகொள்ளும் வேலையில் அவர்தான் என்னைவிட மும்முரமாக இறங்கினார். பால்கார அக்கா பால் ஊற்றுகிற வீடுகளில் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். ஒரு வருஷத்துக்குள் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் டாக்டர் வீட்டம்மாள். வீணையை உறைபோட்டு அலமாரி மேல் வைத்திருந்தார். இன்னொருத்தி தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டுகிற பெண், தன் தம்பியின் புல்லாங்குழலை அவனுக்குத் தெரியாமல் எடுத்துப் பழகியிருந்தாள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் முதலில் வாத்தியமில்லாமல் போய், அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்தோம்.

நான்காம் வருஷம் எனக்குக் கல்யாணமாகி மதுரைக்கு மாற்றல் வந்தது. நான் கடைசியாகப் போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பின்கட்டில் ஐந்து பேர் இருந்தோம். உட்கார இடம் போதவில்லை என்று பாய் நான்கு வத்தல் மூட்டைகளை அறையிலிருந்து வெளியே எடுத்துப் போடச் சொன்னார்.